குணத்தை அளக்கும் கோல்

மனிதனின் உயரத்தை அளக்கக் கோல் உண்டு. எடையை அறியத் தராசு உண்டு. காய்ச்சலைக் கணக்கிட ஒரு சிறு குழாய் உண்டு. குணத்தை அளப்பதற்கும் அவ்வாறே ஒரு கருவி செய்துவிடலாம் என்று மேல்நாட்டு உளநூலார் முயலத் தொடங்கி நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. 1917ஆம் ஆண்டில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, பீரங்கி முழக்கத்தில் மனம் குலைந்து போகக்கூடிய வீரர் யாவர் என்பதை முன்னதாகவே கண்டுகொள்ள விரும்பினார்கள். அதற்காக ராபர்ட் உட்வொர்த் என்ற பேராசிரியர், ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று விடை எழுதும் வினாத்தாள் ஒன்றை வகுத்தார். அது உரிய பயனுக்கு வருமுன் போர் முடிந்துவிட்டது. வினாத்தாள்களோ முடியவில்லை.

நம் நாட்டுக்கும் இக்கலை புதிதன்று. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916ஆம் ஆண்டிலேயே உளநூல் துறை தொடங்கிற்று. மைசூரில் 1924ஆம் ஆண்டில் அத்துறை அமைந்தபோது அதன் தலைமையை ஏற்றவர் எம். வி. கோபாலசுவாமி என்ற பேராசிரியர். லண்டனில் பயின்று வந்த அவர்தாம் 1935ஆம் ஆண்டில் மைசூரில் தம் சொந்த வீட்டிலேயே ஒரு சிறு வானொலி நிலையத்தை நிறுவியவர். அந்த நிலையம் கொண்டிருந்த பெயர் ‘ஆகாசவாணி’. ஆகவே, வானொலியில் உளநூலைப் பற்றிப் பேசுவது ஒருவகையில் குடும்ப விஷயத்தைப் பேசுவது போன்றதே.

இன்றைக்குப் படை அதிகாரியாக விரும்பும் இளைஞர் தேர்வு வாரியத்தின் முன் ஐந்து நாட்கள் இருக்கிறார். திரையில் ஒவ்வொன்றாகத் தோன்றி மறையும் அறுபது சொற்களுக்கு, சொல் ஒன்றுக்குப் பதினைந்து விநாடிக்குள், மனத்தில் எழுந்ததை வாக்கியமாக எழுதுகிறார். தனியார் கம்பெனிகளில் வேலைக்குச் செல்வோரும், பள்ளி இறுதி வகுப்பில் எப்படிப்பு ஏற்றது என்று ஆலோசனை கேட்கும் பிள்ளைகளும் குணச் சோதனைத் தாள்களை நிரப்புகிறார்கள். நேயர்களில் பலரும் ஏதேனும் ஒரு சமயம் நிரப்பியிருப்பீர்கள். நானும் நிரப்பினேன். அலுவலர் பயிற்சி வகுப்பு ஒன்றில், 120 கூற்றுகள் அடங்கிய ஆங்கிலத் தாள் ஒன்று எங்கள் கையில் தரப்பட்டது. ஒவ்வொரு கூற்றும் நமக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டுக் குறிக்க வேண்டும். கால்மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

முடிவு ஐந்து எண்களாக வந்தது. புறமுகப் போக்கு, இணக்கம், கடமையுணர்வு, மனக்கலக்கம், புதுமை நாட்டம் என்று ஐந்து தலைப்புகள். புறமுகப் போக்கில் எனக்குக் கிடைத்த எண் 21. இதைப் பரீட்சை மதிப்பெண்ணாகக் கொள்ளக் கூடாது. இதற்கு ‘நூற்றுமானம்’ என்று பெயர். என்னைப் போன்ற நூறு பேரை வரிசையாக நிறுத்தினால், என்னைக் காட்டிலும் ஒதுங்கிய சுபாவமுடையவர் 21 பேர் என்றும், ஏனையோர் என்னைவிடக் கலகலப்பானவர் என்றும் பொருள். அந்த நூறு பேர் யார் என்று நான் விசாரித்தேன். முன்னர் அதே தாளை ஆங்கிலத்தில் நிரப்பிய, என் வயதையொத்த ஆடவர்கள் என்றும், அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கர் என்றும் தெரியவந்தது. திருநெல்வேலியில் பிறந்து டில்லியில் கோப்புகளை மொழிபெயர்க்கும் ஒருவனை, அந்த வரிசையில் எந்த இடத்தில் நிறுத்தினால்தான் என்ன?

எண்களோடு இரண்டு பக்க விளக்கமும் வந்தது. வெளியே நிதானமாகத் தோன்றினும் உள்ளே சிந்தனை மிகுந்தவர், பிறர் பாராட்டை விரும்புகிறவர், ஆனால் அதை வெளிக்காட்டாதவர் என்றவாறு அது சென்றது. படிக்க இனிமையாகவே இருந்தது. இங்கேதான் ஒருவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளநூலாசிரியர் தம் மாணவர் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் அவரவர் குண விளக்கத்தைத் தனித்தனியே கொடுத்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பிடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் அவர் உண்மையை வெளியிட்டார்: எல்லாருக்கும் கொடுத்தது ஒரே விளக்கம்; அதன் வாக்கியங்களுள் பெரும்பாலானவை கடைத்தெருவில் வாங்கிய சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்தவை. கோயில் வாசலில் கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டு ஏன் நம் ஒவ்வொருவருக்கும் பொருந்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை. ஆகவே விளக்கப் பக்கங்களை மடித்து வைத்துவிட்டு எண்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஐந்து தலைப்புகளும் எங்கிருந்து வந்தன என்பது மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்குப் பெரிதும் சுவை தந்த செய்தி. அவை ஓர் அகராதியிலிருந்து வந்தவை. மனிதருக்குள் காணும் முக்கியமான வேறுபாடு எதுவாயினும் அதற்கு மொழி ஒரு சொல்லை ஆக்கி வைத்திருக்கும் என்ற எண்ணத்தில், ஆல்போர்ட், ஓட்பெர்ட் என்னும் இருவர் 1936ஆம் ஆண்டில் வெப்ஸ்டர் பேரகராதியைப் பக்கம் பக்கமாகத் தேடி 17,953 சொற்களைத் திரட்டினார்கள். அவற்றுள் நிலைத்த குணத்தைக் குறிப்பவை என்று 4,504 சொற்களைத் தனியே பிரித்தார்கள். பின்வந்தவர்கள் அவற்றைச் சுருக்கி, மக்களைக் கொண்டு மதிப்பிடச் செய்து, எந்தச் சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வருகின்றன என்று கணிதத்தால் ஆராய்ந்தார்கள். 1961ஆம் ஆண்டில் அமெரிக்க விமானப் படையைச் சார்ந்த டியூப்ஸ், கிறிஸ்டல் என்ற இரு ஆய்வாளர்களுக்கு ஐந்து தொகுதிகள் தென்பட்டன. பின்னர் லூயிஸ் கோல்ட்பெர்க் முதலியோர் அவற்றை நிலைநாட்டினர்.

மனிதரைப் பதினாறு பெட்டிகளுக்குள் அடைக்கும் வேறொரு சோதனையும் உண்டு. யுங் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் 1921ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலைப் படித்து, அமெரிக்கத் தாயும் மகளுமான இருவர் வகுத்தது அது. பயிற்சியாளர்களுக்கு அதன்மேல் தனிப்பற்று உண்டு. ஆனால் கோட்டுக்கு அருகில் நிற்பவர் சிறிது அசைந்தாலே அடுத்த பெட்டிக்குள் விழுந்துவிடும் ஏற்பாட்டைக் காட்டிலும், இந்த ஐந்து கோல்களே நேர்மையானவை என்பது என் அபிப்பிராயம். ஐந்துக்கு ஆதாரமும் உண்டு. எத்தொழிலாயினும் கடமையுணர்வில் மேற்பட்டவர் வேலையிலும் ஓரளவு மேற்படுகிறார் என்பதைப் பாரிக், மவுண்ட் என்ற இருவர், பல ஆய்வுகளைத் தொகுத்து 1991ஆம் ஆண்டில் காட்டினர். எனவே இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது.

என் தாளில் இருந்த 120 கூற்றுகள் பொதுச் சொத்தாக விடப்பட்டவை. எவரும் அனுமதி கேளாமல் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். தொழிற்பழக்கம் யாரை விட்டது? ஒரு மாதம் கழித்து, மாலை வேளைகளில் அவற்றைத் தமிழில் எழுதத் தொடங்கினேன்.

முதல் தடை விருந்தில் வந்தது. பெரிய பார்ட்டிகள் எனக்கு மிகவும் பிடிக்கும் என்பது ஒரு கூற்று. ஆங்கிலத்தில் படித்தபோது, கையில் கோப்பையுடன் முன்பின் அறியாதவரிடம் சென்று பருவநிலையைப் பற்றிப் பேசும் கூடம் ஒன்று மனக்கண்ணில் தோன்றிற்று. ‘ஒன்று’ என்று குறித்தேன். தமிழில் என்ன எழுதுவது? விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். புதிதாய் வந்தவரையும் அது குறிக்கும். நம் விருந்தில் புதியவர் பேச்சுத் துணை தேடி அலைய வேண்டுவதில்லை. அவரை இலைமுன் அமர்த்தி ஊர், பேர், உறவு அனைத்தையும் விசாரிப்பது வீட்டாரின் கடமை. இருநூறு பேர் கூடிய கலியாண வீட்டில், இரவு இரண்டு மணிக்குக் காய் நறுக்கும் கூட்டத்தோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைப் போன்ற இன்பம் எனக்கு வேறில்லை. தமிழ்த் தாளில் நான்கு குறித்தேன்.

அடுத்தது, பொறுப்பைத் தானே கையில் எடுத்துக்கொள்வதைப் பற்றிய கூற்று. அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனுக்குக் கையில் எடுத்துக்கொள்ள என்ன பொறுப்பு இருக்கிறது? வந்ததை மாற்றிக் கொடுப்பவன் அவன். ஆங்கிலத்தில் ‘இரண்டு’ என்று எழுதியிருந்தேன். தமிழில் அதை ‘முன்நின்று நடத்துகிறேன்’ என்று எழுதினேன். எழுதியவுடனே வேறு நினைவுகள் திரண்டு வந்துவிட்டன. ஊரைவிட்டு வந்து வாழ்பவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. நம்மவர் ஒருவர் வீட்டில் திடீரென்று சாவு நேர்கிறது; மகன் ஊரில் இல்லை; மனைவிக்கு இந்தி தெரியாது. மருத்துவமனைச் சீட்டு வாங்கவும், வண்டி பேசவும், நம் முறைப்படி காரியம் செய்விக்கத் தக்கவரைத் தேடி அழைத்துவரவும் யாரேனும் முன்நிற்க வேண்டும். கடந்த பல ஆண்டுகளில் ஆறேழு முறை நான் முன்நின்றிருக்கிறேன். ‘ஐந்து’ என்று குறித்தேன். இரண்டும் ஒரே கூற்றுத்தான். இரண்டு விடையும் உண்மைதான்.

புறமுகப் போக்கை அளக்க இருபத்து நான்கு கூற்றுகள், 24 முதல் 120 வரை புள்ளிகள் வரலாம், நடுப்புள்ளி 72. ஆங்கிலத்தில் எனக்கு வந்தவை 63. தமிழில் 78. மற்ற நான்கு தலைப்புகளிலும் மூன்று நான்கு புள்ளிகளுக்கு மேல் வேறுபாடு இல்லை. தானே மொழிபெயர்த்து, தானே விடையெழுதி, தானே கூட்டிய ஒருவன் கணக்கு எதையும் நிரூபித்துவிடாது என்பதை நான் அறிவேன். சொல்லைத் தேர்ந்தபோதே விடையையும் தேர்ந்திருக்கலாம். எனினும், முறைப்படி செய்த ஆராய்ச்சியும் இத்திசையில் சுட்டுகிறது. ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் ஒருங்கே வல்ல மக்களைக் கொண்டு அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் நடந்த ஆய்வு ஒன்று 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் அதே மனிதர்கள் ஆங்கிலத் தாளில் புறமுகப் போக்கு மிகுந்தவர்களாகக் காணப்பட்டார்கள். அவர்களை ஆங்கிலம் வெளியே இழுத்தது. என்னை உள்ளே தள்ளிற்று.

டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறேன். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி. வகுப்பு மொழியில் தாளை நிரப்பியதால் ‘ஒதுங்கிய சுபாவம்’ என்ற சீட்டைப் பெற்று வருகிற சிறுமி, தெருவில் பத்துப் பிள்ளைகளுக்குத் தலைவியாக இருக்கக்கூடும். அந்தச் சீட்டை நம்பி அவளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்யும் தாய் தந்தையர், எம்மொழியில் கேட்டார்கள், எவரோடு ஒப்பிட்டார்கள் என்று ஒரு வார்த்தை விசாரிப்பது நல்லது. ஆலோசகர்கள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அறிந்தவர்கள் மகிழவே செய்வார்கள்.

இச்சோதனைகளை ஒருவர் தம்மைப் பற்றி நிரப்புவதோடு, அவரை நன்கறிந்தவரைக் கொண்டு நிரப்புவிக்கும் வழக்கமும் உண்டு. தமிழ்ப் பிரதி ஒன்றை என் மனைவியிடம் கொடுத்தேன். அடுப்படி வேலை முடிந்து, கண்ணாடியை அணிந்துகொண்டு, மிகவும் கவனமாக அவள் நிரப்பலானாள். அறையை அலங்கோலமாகப் போட்டுவைப்பது பற்றிய கூற்றுக்கு யோசிக்காமலே ‘ஐந்து’ என்று எழுதினாள். முன்நின்று நடத்துவது பற்றிய கூற்று வந்ததும் நிமிர்ந்து, “வீட்டிலா, வெளியிலா?” என்று கேட்டாள். தாளில் அப்படிப் பிரித்துச் சொல்லவில்லை என்றேன். “அப்படியானால் நடுவில் போடுகிறேன்” என்று ‘மூன்று’ எழுதினாள். எந்த உளநூல் ஆராய்ச்சியாளரும் இதைவிடக் கூர்மையாகக் கேட்டுவிட முடியாது.

மனக்கலக்கத்தில்தான் எங்கள் தாள்கள் பெரிதும் மாறுபட்டன. எளிதில் கவலைப்படுகிறேன் என்பதற்கு நான் எழுதியது ஐந்து. அவள் எழுதியது இரண்டு. ஏன் இரண்டு என்றேன். “நீங்கள் எதற்கும் பதறி நான் பார்த்ததில்லையே” என்றாள். ஊரில் தனியே இருக்கும் என் தாயாருக்கு எண்பது வயது. இரவு பத்து மணிக்குமேல் தொலைபேசி ஒலித்தால், எடுப்பதற்குமுன் எண்ணைப் பார்க்க எனக்குத் துணிவு வருவதில்லை. இது பல ஆண்டுகளாக நடப்பது. பதினெட்டு ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவளுக்கு அன்று இரவுதான் அது தெரிந்தது. மனத்தின் உள்ளே நிகழும் அச்சங்களைத் தானே நன்கறிவான். வெளியே புலப்படும் திறமைகளைப் பிறரே நன்கறிவர் என்று சிமின் வசீர் என்ற உளநூலாசிரியர் 2010ஆம் ஆண்டில் ஓர் ஆய்வால் காட்டியிருக்கிறார். அவ்விதி எங்கள் வீட்டு மேசையில் மெய்ப்பட்டது. பிறகு அவள் தன் தகப்பனாரைப் பற்றிச் சொன்னாள். எனக்கும் அது புதிது. தாள்கள் பாதியில் நின்றன, மறுநாள்தான் முடித்தோம்.

இணக்கம் என்ற தலைப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அத்தலைப்பின்கீழ் அன்பு, பணிவு, பிறரை நம்புதல் எல்லாம் வருகின்றன. ஆனால் நம் வாழ்வில் நாள்தோறும் தொல்லை தருவதும் துணை செய்வதுமான ஒரு குணம் 120 கூற்றுகளில் எங்கும் இல்லை. அதுதான் தாட்சிணியம். முகத்துக்கு நேரே மறுக்க மாட்டாமை. திருக்குறளில் இதற்கென்றே ‘கண்ணோட்டம்’ என்று 58ஆம் அதிகாரம் இருக்கிறது. தம்மோடு பழகியவர் கேட்டதை மறுக்க இயலாமையே கண்ணோட்டம் என்ற கருத்தில் பரிமேலழகர் உரை வரைந்தார். இன்று எங்கள் கோப்புகளில் ‘கண்ணோட்டம்’ என்றால் பார்வைக்கோணம் என்று பொருள். சொல் இருக்கிறது, அதன் உயிரை நாங்களே வேறிடத்துக்கு மாற்றிவிட்டோம் என்று தோன்றுகிறது.

ஆங்கில அகராதியில் தேடியவர்களுக்கு இக்குணம் அகப்படாததில் வியப்பில்லை. சீன மக்களிடையே வழங்கும் சொற்களையும் வழக்கங்களையும் கொண்டு ஃபேனி செயுங் என்ற அம்மையாரும் அவர் குழுவினரும் ஹாங்காங்கிலும் சீனாவிலும் ஒரு சோதனையை உருவாக்கி 1996ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். முகத்தைக் காத்தல், உறவுக் கடன், இணங்கி வாழ்தல் ஆகியவை சேர்ந்த தனித்தொகுதி ஒன்று அதில் எழுந்தது. ஐந்து தலைப்புகளுள் எதிலும் அது அடங்கவில்லை. பின்னர், நம் நாட்டில் இந்திச் சொற்களை வைத்து நடந்த ஆய்வு 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் ஆசிரியர்கள் தாம் கண்ட தொகுதிகள் சிலவற்றிற்குச் சத்துவம், ராஜசம், தாமசம் என்ற பழம்பெயர்களையே இட்டார்கள். தென்னமெரிக்கக் காட்டில் வேட்டையும் உழவுமாக வாழும் சிமானே மக்கள் 632 பேரிடம் சோதித்தபோதோ ஐந்து தொகுதிகள் தெளிவுறத் தோன்றவேயில்லை. அதுவும் 2013ஆம் ஆண்டின் செய்திதான்.

என் தமிழ்த் தாளின் அடியில் 121ஆவதாக ஒரு கூற்றை நானே சேர்த்தேன்: கேட்பவர் முகத்தைப் பார்த்தால் என்னால் மறுக்க முடிவதில்லை. அலுவலகத்தில் பகலுணவு வேளையில் இதை நண்பர்களிடம் சொல்லி, உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். தெலுங்கர் உடனே ‘மொகமாட்டம்’ என்றார். மலையாளி ‘தாட்சிண்யம்’ என்று நம் சொல்லையே திருப்பித் தந்தார். வங்காளியின் சொல் ‘சொக்குலொஜ்ஜா’. கண்ணின் நாணம் என்று பொருள் சொன்னார். லக்னோவைச் சேர்ந்தவர் ‘முரவ்வத்’ என்று கூறி, அது அருகி வருவதாகப் பெருமூச்சும் விட்டார். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக எவருக்கும் அகப்படவில்லை. ஐந்து மாநிலத்து மனிதர்கள் ஒரு மேசையைச் சுற்றி, தத்தம் மறுக்க மாட்டாமையால் வந்த கடன்களையும் வேலைகளையும் எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்ததில் உணவு வேளை கழிந்தது.

அன்று மாலை அக்கூற்றை என் மனைவியிடம் காட்டினேன். வீட்டிலா வெளியிலா என்று அவள் இம்முறை கேட்கவில்லை. எனக்காக ‘ஐந்து’ என்று எழுதி, அதன் பக்கத்தில், சங்கச் செயலாளர், மூன்றாம் ஆண்டு, என்று குறித்துத் தாளைத் திருப்பித் தந்தாள்.